கடன்பட்டவனுக்குக் கடை எதற்கு?

"இருக்கிற கடனைத் தீர்க்கவே வழியைக் காணோம்; இந்த அழகில் கடை வைக்கப் போகிறானாம், கடை!"

ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு கேட்கும் ஏளனப் பேச்சு இது. பேசுபவர் கெட்டவரல்லர். பெரும்பாலும் அவர் உறவினர்; நலம் நாடுபவர்; கடனால் கெட்ட குடும்பங்களைக் கண்ணால் கண்டவர். ஆயினும் அவர் கூறுவதை அப்படியே ஏற்றுக்கொள்ள இயலுமா? பழங்கடன் தலைமேல் இருக்கும்போது புதிதாகப் பணம் திரட்டித் தொழில் தொடங்குவது துணிவா, ஏமாற்றா? அறமா, அறம் பிழைத்த செயலா? வட்டிக்கடைக்காரரிடம் கேட்டால் ஒரு விடை வரும். வங்கி மேலாளரிடம் கேட்டால் மற்றொரு விடை. சோதிடரிடம் கேட்டால், காணிக்கை பெற்றுக்கொண்டு, நல்ல நாள் மட்டும் குறித்துத் தருவார். நாம் அறிவைக் கேட்டுப் பார்ப்போம்.

நீலமலையிலே கேத்தி. உதகைக்கும் குன்னூருக்கும் இடையே மலை இரயில் நின்று செல்லும் ஊர். மேட்டிலே தேயிலை, பள்ளத்திலே, கேத்தி பாலாடாப் பக்கம், கேரட்டும் பீட்ரூட்டும் உருளைக்கிழங்கும். வெளியூரிலிருந்து வருவோர் கண்குளிரக் கண்டு களிக்கும் பசுமை. அந்தப் பசுமைக்கு அடியிலே ஓடுவது கடன். கேரட் விளைந்து வர ஏறத்தாழ நான்கு மாதம் ஆகும். விதைக்கும் உரத்துக்கும் கூலிக்கும் முன்கூட்டியே பணம் வேண்டும். அந்தப் பணத்தை மண்டிக்காரர் முன்பணமாகத் தருகிறார். விளைந்ததை அவர் மண்டிக்கே அனுப்ப வேண்டும் என்பது எழுதப்படாத ஒப்பந்தம். விலையும் அவர் இடத்தில், எடையும் அவர் இடத்தில், கமிஷனும் அவருக்கே. தேயிலையோ இன்னும் நெடிய கதை. நட்ட செடி கொழுந்து தர ஏறத்தாழ மூன்று ஆண்டு ஆகும். கடன் தவணை மூன்று மாதம்கூடக் காத்திராது.

இத்தகைய ஊரில், கடனோடு பிறந்து கடனோடு வளர்ந்த இளைஞன் ஒருவனை எண்ணிப் பார்ப்போம். நிலத்தில் மீளமுடியாது என்று கண்டுகொண்டவன். ஊட்டி வர்க்கிக்கு நல்ல பெயர் இருக்கிறது. 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. வர்க்கி போடும் சிறு அடுப்பு ஒன்று வைத்தால் என்ன என்று கேட்கிறான். கேட்டவுடன் எழுகிறது அந்தக் குரல்: "முதலில் கடனை அடை, பிறகு கடையைத் திற."

நியாயமாகத் தோன்றும் வாக்கியம். ஆனால் அதன் பரம்பரையைச் சற்று விசாரிப்போம்.

இலங்கைத் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து ஏழைகள் ஏற்றிச் செல்லப்பட்ட காலம் ஒன்று உண்டு. கங்காணி முன்பணம் தந்தார். அந்த முன்பணமே முதற்கடன். வழிச்செலவு கடன், அரிசி கடன், கம்பளி கடன். தோட்டத்தைவிட்டு வேறு தோட்டம் போக விரும்பினால், கையில் ஒரு சீட்டு வேண்டும். அதற்குத் 'துண்டு' என்று பெயர். இன்ன ஆட்கள் மீது இவ்வளவு கடன், இதைச் செலுத்துவோர் இவர்களை அழைத்துச் செல்லலாம் என்று அதில் எழுதியிருக்கும். அடுத்த தோட்டத்துரை கடனைச் செலுத்துவார். ஆட்கள் அவர் தோட்டத்துக்கு மாறுவர். கடனும் அவர்களோடு மாறும். ஆட்டை விற்றால் கயிறும் சேர்த்து விற்பதைப்போல! 1921-இல்தான் சட்டம் அந்தத் துண்டு முறையை ஒழித்தது.

"கடன் தீரும்வரை நகராதே" என்பது துண்டுமுறையின் சட்டம். "கடன் தீரும்வரை தொழில் தொடங்காதே" என்பதற்கும் அதற்கும் எத்தனை தூரம்? கடன் தீர வருமானம் வேண்டும். வருமானம் வரத் தொழில் வேண்டும். தொழிலுக்கோ கடன் தீர்ந்திருக்க வேண்டும்! இந்த வளையத்துக்குள் ஏழையை நிறுத்திவிட்டு, அவன் நகரவில்லையே என்று அங்கலாய்ப்பது நேர்மையாகுமா? தகப்பன் விட்டுச் சென்ற சொத்தோடு தொழில் தொடங்குகிறவனை எவரும் இக்கேள்வி கேட்பதில்லை. கையில் முதல் இல்லாதவனை மட்டுமே கேட்கிறார்கள்.

சட்டமே இதனை ஓரளவு உணர்ந்திருக்கிறது. 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு, கடனுக்காக எதையெதை ஜப்தி செய்யக் கூடாது என்று பட்டியல் தருகிறது. உடுக்கும் உடை, சமைக்கும் பாத்திரம், படுக்கை, கைவினைஞனின் கருவிகள், உழவனின் ஏரும் மாடும். தச்சன் கடன்பட்டிருக்கலாம், உளியைப் பிடுங்காதே என்கிறது சட்டம். உளியைப் பிடுங்கினால் கடனும் திரும்பாது, தச்சனும் பிழைக்கமாட்டான். 1980-இல் உச்சநீதிமன்றத்தில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் வழங்கிய தீர்ப்பு இன்னும் ஒருபடி மேலே சென்றது. கட்ட இயலாத வறுமை ஒன்றையே காரணமாகக் கொண்டு கடன்பட்டவனைச் சிறையில் தள்ளக் கூடாது. வசதி இருந்தும் வஞ்சகமாகக் கட்ட மறுப்பதே குற்றம் என்றது. உழைக்கும் உரிமை கடனுக்கு அடகுப் பொருளன்று. முதற்கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது: கடன்பட்டவன் தொழில் தொடங்குவது பாவமன்று.

பாவமன்று என்றதும் எதிர்த்திசையிலிருந்து மற்றொரு குரல் வரும். "துணிந்து வாங்கு! கடன் வாங்காதவன் எவன் பெரியவனானான்? வாழ்வில் ஒருமுறை பாய்ந்துவிடு!" இந்தக் குரலுக்கு உரியவர் பெரும்பாலும் கடன் விற்பவர். முதற்குரல் ஏழையைக் கட்டிப்போடும். இது அவனைப் பள்ளத்தில் தள்ளும்.

அதற்கும் சான்று மலைநாட்டிலேயே இருக்கிறது. 1964-இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று இரு நாட்டுத் தலைவர்களும் எண்ணிக்கை பேசி முடித்தனர். அந்த எண்ணிக்கைக்கு உரியவர்களை எவரும் கேட்கவில்லை. துண்டுச்சீட்டின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கப்பலேறித் தாயகம் திரும்பினர். ஒரு பகுதியினருக்கு அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை தரப்பட்டது; 1968-இல் தொடங்கிய அத்திட்டமே பின்னர் 'டான்டீ' ஆயிற்று. வேறு பலருக்குச் சிறு வியாபாரம் செய்துகொள்ளச் சில ஆயிரம் ரூபாய் கடன் தரப்பட்டது. நூறாண்டாகக் கொழுந்து பறித்த பரம்பரை! எந்தச் சந்தையில் எதை வாங்கி எங்கே விற்பது என்று அறியாதவர்கள். ஊரும் புதிது, உறவும் இல்லை. வியாபாரம் என்று பணத்தைக் கொடுத்தார்கள், வியாபாரத்தைக் கொடுக்கவில்லை. பணம் பறிபோனது, ஏமாற்றியோர் பலர். தெரிந்த ஒரே தொழிலைத் தேடி நீலமலைக்கும் கொடைக்கானலுக்கும் ஏறினர். கொடைக்கானல் மலைக்காடுகளில் முன்பணம் வாங்கிக் கொத்தடிமைகளாகச் சிக்கியவர்களும் அவர்களில் உண்டு. துண்டில் தொடங்கிய பயணம் மீண்டும் முன்பணத்திலேயே போய் நின்றது!

பணம் மட்டும் முதலன்று என்பதை இதைவிட எவர் விளக்க முடியும்? தொழிலறிவு ஒரு முதல். சந்தையறிவு ஒரு முதல். நட்டம் வந்தால் நான்கு மாதம் தாங்கும் வலிமை ஒரு முதல். இவையின்றிக் கடன்தொகை மட்டும் கைக்கு வந்தால், அது தொழிலின் தொடக்கமாகாது. அடுத்த கடனின் தொடக்கமாகும்.

ஆகவே, கடன் இருக்கிறதா இல்லையா என்று கேட்டுப் பயனில்லை. எத்தகைய கடன், யாருடைய பணம், எவர் தலையில் விழும் நட்டம் என்று கேட்க வேண்டும்.

முதலில் எத்தகைய கடன் என்பதைப் பார்ப்போம். நம் வர்க்கி இளைஞனுக்கு 1,00,000 ரூபாய் பழங்கடன். நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டி என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். கையில் சேமிப்பு 1,00,000. இதை அடுப்பில் போடுவதா, கடனில் போடுவதா? கடனை அடைத்தால் ஆண்டுக்கு 36,000 ரூபாய் வட்டி மிச்சம். மாவு வாங்க வேண்டாம், விறகு வாங்க வேண்டாம், மழையைப் பார்க்க வேண்டாம், உறுதியான ஆதாயம். அடுப்பில் போட்டாலோ, வாடகையும் கூலியும் தன் உழைப்புக்குரிய ஊதியமும் போக, 36,000 மிஞ்சினால்தான் இரண்டும் சமம். அதற்குமேல் வருவதுதான் இலாபம். பழங்கடனை அடைப்பதும் ஒரு முதலீடே என்பதை நம் இளைஞர் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

அதே கடன் ஆண்டுக்கு 12 விழுக்காட்டு வங்கிக் கடனாக இருந்தால்? வட்டி 12,000. கேத்தியிலே அதே அடுப்பு, அதே வர்க்கி, அதே விலை. ஆயினும் 24,000 ரூபாய் வேறுபாடு. எதற்காக அந்த 24,000? வங்கி வாயிலில் ஏற முடியாத குற்றத்துக்காக ஏழை செலுத்தும் வரி அது! அவன் முதலில் செய்ய வேண்டிய 'தொழில்', கந்துவட்டிக் கடனைக் குறைந்த வட்டிக் கடனாக மாற்றுவதே.

தண்டல் கணக்கையும் பாருங்கள். 10,000 ரூபாய் கடன் என்று எழுதிக்கொண்டு 9,000 கையில் கொடுப்பார்; நாள்தோறும் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். "ஆயிரம் ரூபாய்தானே, பத்து விழுக்காடுதானே" என்று தோன்றும். ஆனால் நாள்தோறும் கடன் குறைந்துகொண்டே வருவதால், அந்த 100 நாளிலும் சராசரியாக அவனிடம் இருந்த பணம் 4,500 அளவே. 4,500-க்கு 100 நாளில் 1,000 வட்டி என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 80 விழுக்காடு. காலையில் சரக்கெடுத்து மாலையில் விற்றுவிடும் தள்ளுவண்டிக்காரர் ஒருவேளை தாங்கலாம். மூன்றாண்டு காத்திருக்க வேண்டிய தேயிலைக்கு அந்தப் பணத்தை வாங்கியவன் மீள்வது எங்கே? கடன் திரும்பும் காலமும் தொழில் பலன்தரும் காலமும் பொருந்தாவிட்டால், நல்ல தொழிலும் கெட்டுப்போகும்.

2003-இல் தமிழ்நாட்டில் அளவுமீறிய வட்டி வாங்குவதைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. கந்துவட்டி, நாள் வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே தடை விதித்தது. மூன்றாண்டு வரை சிறைத் தண்டனையும் கூறிற்று. எனினும் 2017 அக்டோபரில், நெல்லை மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே, வட்டிக் கொடுமை தாளாத கூலித் தொழிலாளி குடும்பம் தீக்குளித்தது. கணவன், மனைவி, இரு பெண் குழந்தைகள், நால்வரும் மாண்டனர். சட்டம் ஏட்டில் இருந்தது; குழந்தைகள் எரிந்தன. கடனைப் பற்றி எழுதுவோர் எவரும் அந்த இரு குழந்தைகளை மறந்துவிட்டு எழுதக் கூடாது.

இங்கே கடினமான ஒரு கேள்வி எழுகிறது. கந்துவட்டிக்காரனுக்கும் நாணயமாக நடந்துகொள்ள வேண்டுமா? கைநீட்டி வாங்கிய அசல் அவனுடையது. அதனைத் திருப்பித் தருவது கடமை. சட்டம் அனுமதிக்கும் வட்டி தருவதும் முறை. அதற்குமேல் அவன் கேட்பது கடனன்று, கொள்ளை. கொள்ளைக்குப் பணிவதை நாணயம் என்று எந்த அறநூலும் போதிக்க இயலாது. 1938-இல் சென்னை மாகாணத்தில் வந்த உழவர் கடன் நிவாரணச் சட்டம், வாங்கிய தொகையைப்போல் இரு மடங்கு கட்டிவிட்ட உழவனின் கடன் தீர்ந்துவிட்டது என்று அறிவித்தது. ஆளுவோரே அப்படி ஓர் எல்லைக்கோடு கிழித்திருக்க, ஏழை மட்டும் எல்லையில்லாமல் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது என்ன நீதி?

அடுத்து, யாருடைய பணம்? அறத்தின் நெருக்கடி உண்மையில் இங்கேதான் இருக்கிறது.

வள்ளுவர் 'தெரிந்துசெயல்வகை' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். வரப்போகும் ஆதாயத்தை நம்பி இருக்கும் முதலை இழக்கும் செயலில் அறிவுடையோர் இறங்கமாட்டார் என்பது அதில் அவர் கூறும் கருத்து. கடன்பட்டவனுக்கு அந்தக் கருத்து இரட்டைப் பொருள் தருகிறது. அவன் கையிலிருக்கும் முதல் அவனுடையதே அன்று! இழந்தால் இழப்பவர் வேறொருவர்.

யார் அவர்? ஜாமீன் கையெழுத்திட்ட நண்பன். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, ஜாமீன் நின்றவனின் பொறுப்பு கடன் வாங்கியவனின் பொறுப்புக்குச் சமமானது. "சும்மா ஒரு கையெழுத்துத்தான்" என்று பேனாவை நீட்டுகிறானே, அந்தக் கையெழுத்துக்குள் நண்பனின் சம்பளமும் அவன் பிள்ளையின் படிப்பும் அடங்கியிருக்கின்றன. அடுத்தவர், கழுத்திலிருந்ததைக் கழற்றிக் கொடுத்த மனைவி. அந்த நகை அவளுடைய சொத்து. கணவனின் தொழில்நிதி என்று எவரும் பட்டா எழுதித் தரவில்லை. கேட்டு வாங்கினானா, கேளாமலே எடுத்தானா, 'மாட்டேன்' என்று சொல்லும் உரிமை அவளுக்கு உண்மையில் இருந்ததா? பிறகு, மகளிர் குழுவிலே கூட்டுப் பொறுப்பேற்ற அண்டைவீட்டுப் பெண்கள். ஒருத்தி தவணை தவறினால் மற்றவர் தம் சோற்றுக் காசைப் போட்டுக் கட்டுகின்றனர்.

தன் உழைப்பைப் பணயம் வைக்க ஒருவனுக்கு முழு உரிமை உண்டு. தன் உறக்கத்தைப் பணயம் வைக்கலாம். பிறர் உறக்கத்தைப் பணயம் வைக்க வேண்டுமானால், அவர்களிடம் உண்மையைச் சொல்லி, அவர்கள் ஒப்புதல் பெற்ற பிறகே வைக்கலாம். பழங்கடன் இவ்வளவு, தொழில் இன்னது, தவறினால் நேர்வது இது என்று வெளிப்படையாகக் கூறியவன் துணிவுள்ளவன். அதையே மறைத்தவன் ஏமாற்றுக்காரன். இருவர் வாங்கியதும் ஒரே தொகையாக இருக்கலாம். இருவர் தொழிலும் ஒரே நாளில் படுத்துவிடலாம். எனினும் ஒருவன் தோற்றவன், மற்றவன் குற்றவாளி.

"உண்மையைச் சொன்னால் எவன் ஐயா கடன் தருவான்?" என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் இருக்கிறது. பாதிக் குற்றம் கேட்பவன் மீதன்று, கொடுப்பவர் மீது. அதனால்தான் கடன் தருவோர்க்கும் கடமை விதிக்க வேண்டியிருக்கிறது. 2022-இல் ரிசர்வ் வங்கி வகுத்த நுண்கடன் நெறிமுறைப்படி, ஆண்டு வருமானம் 3,00,000 வரையுள்ள குடும்பத்தின் எல்லாக் கடன்தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதிக்குமேல் போகக் கூடாது. 2025-இல் தமிழ்நாடு சட்டமன்றம், கடன் வசூலில் மிரட்டலையும் வன்முறையையும் தடுக்கச் சட்டம் இயற்றியது. இவற்றை வீட்டுவாசல்வரை கொண்டு சேர்ப்பது இயக்கத் தோழர்களின் வேலை. எனினும் ஒன்றைக் கவனியுங்கள். பாதி வருமானம் ஏற்கனவே தவணைக்குப் போகிறது என்றால், மறைத்து வாங்கும் புதுக்கடன் வங்கியை ஏமாற்றுவதன்று. தன் வீட்டு உலையை ஏமாற்றுவது.

மூன்றாவதாக, நட்டம் எவர் தலையில் விழும்? செல்வர் இதற்கு எப்போதோ விடை கண்டுவிட்டனர். இங்கிலாந்தில் 1855-இல் வரையறுக்கப்பட்ட பொறுப்பு என்னும் சட்டம் வந்தது. நிறுவனம் கடனில் மூழ்கினால், பங்குதாரர் தாம் போட்ட பங்குத்தொகையை இழப்பார், வீட்டை இழக்கமாட்டார். கேத்தியிலேயே இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. 1949-இல் பதிவான ஊசித் தொழிற்சாலை, 'நீடில் இண்டஸ்ட்ரீஸ்'. அதன் புதிய பங்கு வெளியீடு பற்றிய வழக்கு உச்சநீதிமன்றம்வரை சென்று 1981-இல் முடிந்தது. 100 ரூபாய்க்குத் தந்த பங்கின் தக்க மதிப்பு 190 என்று கணக்கிட்டு, பங்குரிமையைப் பயன்படுத்த இயலாமற்போன பங்குதாரர் நிறுவனத்துக்கு 8,54,550 ரூபாய் ஈடு தர வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. பெரிய தொழில் பணம் திரட்டும்போது, பங்கு ஒன்றுக்கு 90 ரூபாய் வேறுபாட்டை நாட்டின் தலைமை நீதிபதி உட்கார்ந்து ஆராய்கிறார். அது தவறன்று, நீதி அப்படித்தான் நுணுக்கமாக இருக்க வேண்டும். அதே பள்ளத்தாக்கில் வர்க்கி அடுப்பு வைப்பவன் திரட்டும் பணத்துக்கு எந்த நுணுக்கம் இருக்கிறது? தனியுரிமைத் தொழிலில் கடைக்கடன் வேறு, வீட்டுக்கடன் வேறு என்று சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை. கடை மூழ்கினால் வீடும் மூழ்கும். 2016-இல் வந்த திவால் சட்டத்தில் நிறுவனங்களுக்குரிய நடைமுறை அதே ஆண்டில் செயலுக்கு வந்தது. தனிமனிதருக்குரிய பகுதியில், நிறுவனக் கடனுக்கு ஜாமீன் நின்றோருக்கு மட்டும் 2019-இல் கதவு திறந்தது. சிறு கடைக்காரன் அப்போதும் வாயிலுக்கு வெளியேதான் நின்றான்.

ஆகவே, நட்டத்தைத் தனி ஒருவன் தலையில் சுமத்தாமல் பலர் தோளில் பகிர்ந்துகொள்ளும் வழி ஏழைக்கும் வேண்டும். அதனை நீலமலை மக்கள் தாமே கண்டனர்.

முன்னாளில் நீலமலை உருளைக்கிழங்கு மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும். அங்கே முன்பணம் தந்த வணிகர் சொன்ன விலைக்கே விழும். விளைவித்தவன் கடனோடு மலையேறுவான். இந்நிலையை மாற்ற 1935-இல் நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கம் பிறந்தது. அதனை உருவாக்கி நெடுங்காலம் வழிநடத்தியவர் படுக சமூகத்தின் தலைவராக விளங்கிய ஆரி கவுடர். கிழங்கைச் சங்கமே ஏலம்விட்டது. பின்னர் 1962-இல் குந்தாவில் சிறு தேயிலை விவசாயிகளின் முதல் கூட்டுறவுத் தொழிற்சாலை எழுந்தது. அதைத் தொடர்ந்து மலையின் பல பகுதிகளிலும் தொழிற்சாலைகள் எழுந்து, 'இண்ட்கோசர்வ்' என்னும் இணையமாகச் சேர்ந்தன. அவற்றின் உறுப்பினர் கடனற்ற சீமான்களா? கடனோடு வாழ்ந்த சிறு விவசாயிகள்தாமே! அவர்களில் எவனும் தனியாகத் தேயிலைத் தொழிற்சாலை வைத்திருக்க முடியாது. வைத்திருந்தால் வட்டியே அவனை விழுங்கியிருக்கும். ஆளுக்குச் சிறு பங்கு, ஆலை அனைவருக்கும். கடன்பட்டவன் தொழில் தொடங்கலாமா என்ற கேள்விக்குக் குந்தா 1962-லேயே விடை எழுதிவிட்டது: தொடங்கலாம், சேர்ந்து தொடங்கு!

கூட்டுறவு மந்திரக்கோல் என்று நாம் கூறவில்லை. மந்திரத்தில் நமக்கு நம்பிக்கை இல்லை. 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததும் நீலமலைத் தேயிலையின் பெரிய சந்தை ஆட்டங்கண்டது. 1990-களின் இறுதியில் பசுந்தேயிலை விலை சரிந்தது. காய்கறி நிலத்தைத் தேயிலையாக்கியோர் கலங்கினர்; கூட்டுறவு ஆலைகளும் தள்ளாடின. ஆயினும் ஒரு வேறுபாடு. தனியாக விழுந்தவன் வட்டிக்காரன் வாசலில் நின்றான். சேர்ந்து விழுந்தோர் கூடிப் பேசினர், போராடினர், விலை கேட்டனர். விழுவதிலும் துணை உண்டு என்பது சிறிய ஆதாயமன்று.

இளைஞர்களே! நம்மையே நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய ஒன்றும் உண்டு. தொழிலுக்கு 50,000 இல்லை என்று ஏங்கும் வீட்டில், திருமணப் பந்தலுக்கும் காதுகுத்துக்கும் விருந்துக்கும் இலட்சங்கள் எங்கிருந்து வந்தன? 'நாலு பேர் என்ன சொல்வார்' என்ற அச்சத்துக்காக வாங்கிய கடன் அது. அந்த நாலு பேரும் உண்டு கைகழுவிச் சென்றனர். கடன் மட்டும் வீட்டோடு தங்கிவிட்டது. 1967-இல் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பளித்தபோது, இந்த மாநிலம் புரோகிதத்துக்கு மட்டும் விடைகொடுக்கவில்லை. மாலை மாற்றி மணம் முடிக்கலாம் என்று ஏழையின் முதலையும் காத்தது. ஆடம்பரத்துக்குப் பட்ட கடன் உண்டுவிட்ட முதல். அதை வைத்துக்கொண்டு விதியை நோவது வீண். கடன் முற்பிறவிப் பயனன்று. கையெழுத்திட்ட நாளும் உண்டு, தொகையும் உண்டு, விழுக்காடும் உண்டு. கணக்கால் வந்தது கணக்கால்தான் தீரும்.

கேத்தி இளைஞனுக்கு நாம் கூறக்கூடியது இதுவே. அடுப்பு வை. ஆனால் நல்ல நேரம் பார்ப்பதற்குமுன் நல்ல கணக்குப் பார். கந்துவட்டிப் பணத்தில் வைக்காதே. பிணையின்றிச் சிறுதொழிற்கடன் தர 2015-இல் வந்த முத்ரா திட்டம் இருக்கிறது, கூட்டுறவு வங்கி இருக்கிறது, மாவட்டத் தொழில் மையம் இருக்கிறது. உரிமையோடு படியேறிக் கேள். கிடைக்கும்வரை கையிலுள்ள வேலையை விடாதே. வேறொருவர் அடுப்பில் ஆறு மாதம் நின்று தொழிலைக் கற்றுக்கொள். அதற்கு வட்டி இல்லை. கடைப்பணத்தை வீட்டுப்பணத்தோடு கலக்காதே. மனைவியிடமும் நண்பனிடமும் பழங்கடனின் முழுத்தொகையைச் சொல். சொன்ன பிறகும் உடன் நிற்பவரே உன் கூட்டாளிகள். முடிந்தால் அவர்களைப் பங்காளிகளாகவே சேர்த்துக்கொள். இத்தனைக்குப் பிறகும் தோற்றுவிட்டால், தலைகுனியாதே. நேர்மையாகத் தோற்றவனைத் தூக்கிவிடக் கைநீட்டாத சமுதாயமே அப்போது தலைகுனிய வேண்டும்.

துண்டுச்சீட்டை 1921-இல் சட்டம் கிழித்தது. நம் மனத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் துண்டுச்சீட்டை — கடன்பட்டவன் எழவே கூடாது என்ற எண்ணத்தை — நாமேதான் கிழித்தெறிய வேண்டும். கிழித்தபின், கையில் கணக்கேட்டை எடுத்திட வேண்டும்.